முதலில் உண்மை, பிறகு நல்லிணக்கம்!

நல்லிணக்கம்! இலங்கையில் 2009-ல் போர் ஓய்ந்த பிறகு இந்தச் சொல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. நல்லிணக்க ஆணைக்குழு, நல்லிணக்க அலுவலகம், நல்லிணக்கச் செயலணி என்று பெயர்ப் பலகைகள் மாறிக்கொண்டே வந்தன. அறிக்கைகள் அச்சாயின. கைகுலுக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஆனால் 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் துரத்தப்பட்ட ஒரு முஸ்லிம், இடிந்து கிடக்கும் தன் வீட்டு வாசலில் வந்து நின்று, "எனக்கு என்ன நடந்தது என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

அரசாங்கம் என்பார்கள் சிலர். அரசியல் கட்சிகள் என்பார்கள் வேறு சிலர். நாம் சொல்கிறோம்: முதலில் பதில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம்!

இது கடல் கடந்த விவகாரம், மீமிசலில் கடை நடத்தும் எனக்கும் கல்லூரிக்குப் பேருந்து ஏறும் என் தம்பிக்கும் இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் சகோதரர்களே! நமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே இருப்பது ஒரு பாக் நீரிணை மட்டும்தான். தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், அதிராம்பட்டினம் என்று நீளும் இந்தக் கரையின் மக்களுக்கு அந்தக் கரை அந்நியமாக இருந்ததில்லை. அவர்கள் பேசுவது நம் மொழி. அவர்கள் தொழுவது நம் கிப்லாவை நோக்கி. அவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

கனடா சொல்லும் பாடம்

பல்கலைக்கழகத்துக்கும் நல்லிணக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதற்குக் கனடாவைப் பார்க்க வேண்டும்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்து, அவர்களை வேறு மனிதர்களாக மாற்ற முயன்றது வெள்ளை அரசு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய இந்தக் கொடுமையில் கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களில்தான். 1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குள் தள்ளப்பட்டார்கள். அங்கே மாண்டவர்கள் என்று இதுவரை பதிவானவர்கள் மட்டும் 4,000-க்கு மேல். பல பள்ளிகளைத் தேவாலயங்கள் நடத்தின. பணம் கொடுத்தது அரசு.

2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது. மானிட்டோபா மாகாணத்தின் முதல் பூர்வகுடி நீதிபதியான முர்ரே சின்க்ளேர் அதற்குத் தலைமை ஏற்றார். 2024-ல் மறைந்த இந்த மனிதர், ஊர் ஊராகச் சென்று 6,500-க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைத் திரட்டிய ஆணையத்தை வழிநடத்தினார். 2015-ல் 94 பரிந்துரைகள் வெளிவந்தன.

இங்கே கவனியுங்கள். பல்கலைக்கழகங்கள் அந்த விடுதிப் பள்ளிகளை நடத்தவில்லை. எந்தப் பிள்ளையையும் அடிக்கவில்லை. "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். ஆனால் 2011 அக்டோபரில், ஆணையம் நடத்திய நிகழ்ச்சியிலேயே, மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் தலைவர் டேவிட் பர்னார்ட் எழுந்து மன்னிப்புக் கேட்டார். எதற்காக? அந்தப் பள்ளிகளை நடத்திய மதகுருமார்களும் ஆசிரியர்களும் அரசியல்வாதிகளும் தங்கள் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறியவர்கள் என்பதற்காக. அநியாயம் கண்ணெதிரே நடந்தபோது அதைத் தட்டிக் கேட்கவில்லை என்பதற்காக!

மன்னிப்போடு நின்றுவிடவில்லை. திரட்டிய சாட்சியங்களைப் பாதுகாக்கும் தேசிய மையம் 2015-ல் அதே பல்கலைக்கழகத்தில் திறக்கப்பட்டது. வின்னிபெக் பல்கலைக்கழகமும் லேக்ஹெட் பல்கலைக்கழகமும் 2016 முதல் ஒரு விதி கொண்டுவந்தன. எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் சரி, பூர்வகுடிகளைப் பற்றிய ஒரு பாடத்தையாவது படித்துத் தேற வேண்டும். பொறியாளர் ஆகப்போகிறவருக்கும் விதிவிலக்கு இல்லை. இன்று கனடாவின் பல பல்கலைக்கழகங்களில் பூர்வகுடி மாணவர் நலனையும் நல்லிணக்கப் பணிகளையும் கவனிப்பதற்கென்றே உயர் பொறுப்புகள் இருக்கின்றன.

ஒப்புக்கொள்ளுதல், பதிவு செய்தல், பாடமாக்குதல், இடமும் அதிகாரமும் கொடுத்தல். இந்த நான்கும் வரிசையாக நடந்தால்தான் அதற்குப் பெயர் நல்லிணக்கம். மற்றதெல்லாம் மாலை மரியாதை!

நாற்காலி மட்டும் போதுமா?

கனடாவைப் புகழ்ந்து தள்ளுவது நம் நோக்கமல்ல. அங்கேயும் ஓட்டைகள் உண்டு. பூர்வகுடிப் பாடத்தைக் கட்டாயமாக்கிய அதே லேக்ஹெட் பல்கலைக்கழகத்தில் ஆஞ்சலிக் ஈகிள்வுமன் என்ற பூர்வகுடிப் பெண்மணி 2016-ல் சட்டப் பிரிவின் தலைவரானார். கனடாவின் சட்டக் கல்விக் கூடம் ஒன்றுக்கு முதல் பூர்வகுடித் தலைவர் என்று பாராட்டுகள் குவிந்தன. 2018-ல் அவர் விலகிவிட்டார். நிறுவனத்துக்குள் ஊறிப்போன பாகுபாடே காரணம் என்றார்.

பாதிக்கப்பட்ட சமுதாயத்திலிருந்து ஒருவரை அழைத்து நாற்காலியில் உட்கார வைப்பது எளிது. பணமும் ஆட்களும் முடிவெடுக்கும் உரிமையும் இல்லாத நாற்காலி வெறும் மரக்கட்டை. நம் சமுதாயத்துக்கு இது புதிதா? மேடையில் ஒரு தொப்பி, வரவேற்புரையில் இரண்டு வரி, துண்டுப் பிரசுரத்தில் ஒரு பிறை என்று நம்மைத் திருப்திப்படுத்தப் பார்த்தவர்களை நாம் அறியாதவர்களா?

அக்கரையில் நடந்தது

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1974-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கப்பட்டது இன்றைய யாழ் பல்கலைக்கழகம். பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். தமிழரோடு முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கே படித்தார்கள், கற்பித்தார்கள். கல்முனையைச் சேர்ந்த கவிஞர் எம்.ஏ. நுஃமான் அங்கே பல ஆண்டுகள் பணியாற்றியவர். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானபோது, அந்தக் கொடுமையை எழுதித் தமிழுலகை உலுக்கிய கவிதை இந்த முஸ்லிம் கவிஞருடையது. தமிழரின் நூலகம் எரிந்தபோது அது தன் நூலகம் என்றே அழுதார் அவர்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து நடந்தது என்ன? 1990 அக்டோபரின் பிற்பகுதியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர்! அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒலிபெருக்கி அலறியது. உஸ்மானியா கல்லூரி மைதானத்தில் கூடச் சொன்னார்கள். இரண்டு மணி நேர அவகாசம். நகை, பணம், வீட்டுப் பத்திரம் எல்லாம் பிடுங்கப்பட்டன. சில நூறு ரூபாயும் உடுத்த துணியுமாகக் கிளம்பினார்கள். நூற்றாண்டுகளாக அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு சமுதாயம் சில நாட்களில் துடைத்து எறியப்பட்டது. பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று நம்பிய அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள்.

வியாபாரப் பெருமக்களே! ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கல்லாப்பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு, சரக்கை அப்படியே விட்டுவிட்டு, கடன் கொடுத்த நோட்டையும் எடுக்க விடாமல், உங்களை உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கிளப்பினால் எப்படி இருக்கும்? சோனகத் தெருவின் வியாபாரிக்கு அதுதான் நடந்தது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், புலிகளின் தலைவர் பிரபாகரன் அருகிலிருக்க, அன்டன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். சில நாட்களில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமோடு ஓர் உடன்பாடும் கையெழுத்தானது. துப்பாக்கி ஏந்தியவர்களே தவறு என்று சொல்லிவிட்ட பிறகு, பேனா ஏந்தியவர்களுக்கு என்ன தயக்கம்?

பிரிந்து போன வகுப்பறைகள்

அந்த ஆண்டின் கொடுமைகள் வகுப்பறைகளையும் பிளந்தன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யாழ் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முஸ்லிம் மாணவர்களும் ஆசிரியர்களும் தொடர முடியாத நிலை வந்தது. அவர்களுக்காக அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃப் போராடிப் பெற்றதுதான் 1995-ல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996-ல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம்.

சமுதாயம் அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறது. அஷ்ரஃபுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் ஒரு வேதனை புதைந்திருப்பதை மறக்கலாமா? ஒரே மொழி பேசும் இரண்டு சமுதாயத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார முடியாமல் போனதன் அடையாளம் அது. ஒலுவில் கிடைத்துவிட்டது என்பதால் யாழ்ப்பாணத்தின் கணக்கு தீர்ந்துவிடாது.

"நாங்களே பாதிக்கப்பட்டவர்கள்!"

இந்த இடத்தில் நம் தமிழ்ச் சகோதரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "கனடாவில் மன்னிப்புக் கேட்டது ஆண்ட இனம். நாங்களோ அடிபட்ட இனம். வெளியேற்றியது புலிகள், பல்கலைக்கழகம் அல்ல. எங்களிடம் எதற்குக் கணக்குக் கேட்கிறீர்கள்?"

நியாயமான கேள்விதான். யாழ் பல்கலைக்கழகம் சுமக்கும் காயங்கள் கொஞ்சமா? உண்மையைப் பேசிய குற்றத்துக்காக மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சேர்ந்து உருவாக்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு, அவர் போன பிறகும் தலைமறைவாக இருந்துகொண்டே முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் பதிவு செய்தது. அந்த ஆசிரியர்களுக்கு நம் சமுதாயம் என்றும் நன்றி சொல்லும். துப்பாக்கி முனையில் பல்கலைக்கழகம் மௌனமாக இருந்ததை நாம் புரிந்துகொள்கிறோம்.

ஆனால் துப்பாக்கி ஓய்ந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? மானிட்டோபாவும் எந்தக் குழந்தையையும் அடிக்கவில்லை என்பதை மறுபடி நினைவுபடுத்துகிறோம். அது மன்னிப்புக் கேட்டது தன் மௌனத்துக்காக!

2021 ஜனவரி 8 இரவில் யாழ் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் கொதித்தார்கள். ஜனவரி 11 அன்று வடக்கிலும் கிழக்கிலும் கடையடைப்பு நடந்தது. முஸ்லிம் கட்சிகள் ஆதரவு தந்தன. முஸ்லிம் வியாபாரிகளும் கடைகளை அடைத்தார்கள். துணைவேந்தர் மறுபடி அடிக்கல் நாட்டினார். சில மாதங்களில் தூபி எழுந்தது. தங்கள் துயரத்தின் நினைவை அழிக்க விடமாட்டோம் என்று தமிழ் மாணவர்கள் நின்றது சரி. அவர்களோடு முஸ்லிம் வியாபாரி நின்றதும் சரி. அப்படியானால் அதே வளாகத்தில் 1990 அக்டோபருக்கு ஒரு நினைவுக் கல்லாவது வேண்டாமா? ஒரு துயரத்துக்குத் தூபி, இன்னொரு துயரத்துக்கு மௌனம் என்றால் அது நீதியாகுமா?

கனடாவில் வாழும் ஈழத் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் துயரத்தை அந்த நாட்டுப் பள்ளிகளில் பேச வைத்திருக்கிறீர்கள். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு நன்கொடை திரட்டினீர்கள். அங்கே கூட்டங்களைத் தொடங்கும்போது, இது இன்னாருடைய பூர்வீக மண் என்று சொல்லித் தொடங்கும் வழக்கத்தையும் அறிவீர்கள். யாரோ ஒருவருடைய மண்ணுக்குச் செய்யும் அந்த மரியாதையைச் சோனகத் தெருவுக்கும் செய்யக் கூடாதா?

நம் கணக்கையும் பார்ப்போம்

இளைஞர்களே! பிறரிடம் உண்மை கேட்பவன் தன் உண்மையையும் மேசை மேல் வைக்க வேண்டும். நமக்கே எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லப் பணிக்கும் மார்க்கம் நம் மார்க்கம்.

அதே 1990 ஆகஸ்டில் அம்பாறை மாவட்டம் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினருக்குப் பங்குண்டு என்று அந்த மக்கள் இன்றுவரை சொல்லி வருகிறார்கள். 1990 செப்டம்பர் 5 அன்று கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்த 158 தமிழர்களை இராணுவம் பிடித்துச் சென்றது. அவர்கள் திரும்பவே இல்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தமிழ்க் குழந்தைகளைக் கொன்றவன் நம் பெயரைச் சுமந்தவன். அவனை நாம் ஒதுக்கித் தள்ளிவிட்டோம். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாயின் முன் நின்று, "இது எங்களுக்குச் சம்பந்தமில்லாதது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியுமா?

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் 1990 அக்டோபரைப் படிக்கிறவன் வீரமுனையையும் படிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் முள்ளிவாய்க்காலைப் படிக்கிறவன் காத்தான்குடியையும் படிக்க வேண்டும். தன் காயத்தை மட்டும் எண்ணுவது கல்வி அல்ல. அது பழிக் கணக்கு.

செய்ய வேண்டியது என்ன?

யாழ் பல்கலைக்கழகத்திடம் நாம் கேட்பது இவைதான். ஒன்று, மானிட்டோபா செய்தது போல் பல்கலைக்கழகத்தின் பெயரால், துணைவேந்தரின் வாயால், 1990 வெளியேற்றத்தைப் பற்றி ஓர் ஒப்புதல் வரட்டும். இரண்டு, வடபுல முஸ்லிம்களின் சாட்சியங்களுக்கு அங்கே ஓர் ஆவணக் காப்பகம் அமையட்டும். மூன்று, எல்லாப் பீடத்து மாணவரும் படிக்கும் பொதுப் பாடமாக அந்த வரலாறு வரட்டும். நான்கு, இதற்கென ஒரு பொறுப்பு உருவாகட்டும். வடபுல முஸ்லிம் ஒருவர் அதில் அமரட்டும். நிதியும் முடிவெடுக்கும் உரிமையும் அவரிடம் இருக்கட்டும்.

இக்கரையில் இருக்கும் நாம் கைகட்டி நிற்கலாமா? 1990-ல் 20 வயதாக இருந்தவர் இன்று 55-ஐத் தாண்டிவிட்டார். அன்று 50 வயதில் கடையைப் பறிகொடுத்த வியாபாரிகளில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருப்பார்கள்? சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக இருந்த எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் மன்னார் மண்ணின் மைந்தர். வடபுல முஸ்லிம்களின் அகதி வாழ்வை ஆராய்ந்து எழுதுவதை வாழ்நாள் பணியாகச் செய்தவர். அவரும் 2018-ல் மறைந்துவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர ஆள் வேண்டும்.

நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகள் இந்தக் கரையில் இருக்கின்றன. அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி 1955 முதல் நடக்கிறது. இளையான்குடியில் டாக்டர் சாகிர் உசேன் கல்லூரி 1970 முதல் நடக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரிக்கு 1951 முதல் வரலாறு இருக்கிறது. இவற்றின் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் மனம் வைத்தால், வடபுல முஸ்லிம்களின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் பணியை இன்றே தொடங்கலாம். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட உயிருள்ள தலைப்பு எங்கே கிடைக்கும்?

வணிகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஊர் ஜமாஅத்தும் இரண்டு மாணவருக்குப் படிப்புச் செலவை ஏற்கட்டும். ஒருவர் புத்தளத்தில் வாழும் வடபுல முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. இன்னொருவர் தமிழக முகாமில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழ் வீட்டுப் பிள்ளை. முதல் பெயரை எழுதும் கை இரண்டாவது பெயரை எழுதத் தயங்கினால், யாழ்ப்பாணத்தைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

கல்லூரியில் படிக்கும் தம்பிமார்களே! உங்கள் வகுப்பில் ஈழத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது 1983 ஜூலையைப் பேசுங்கள். முள்ளிவாய்க்காலைப் பேசுங்கள். அதோடு நிறுத்தாமல் 1990 அக்டோபரையும் எடுத்துச் சொல்லுங்கள். கோபத்தோடு வேண்டாம், தேதியோடும் இடத்தோடும் ஆதாரத்தோடும் சொல்லுங்கள். கேட்பவர் முகம் சுளித்தால், அவர் வீட்டுத் துயரத்தை நீங்கள் முதலில் கேளுங்கள். பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள்.

கனடாவின் பூர்வகுடிகள் அந்த ஒரு மன்னிப்புக்காக நூறாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். சோனகத் தெருவின் பிள்ளைகளையும் அவ்வளவு காலம் காக்க வைக்கலாமா? பல்கலைக்கழகங்களே பதில் சொல்லட்டும்!